றஸீனாவின் உயிரியல் கொப்பி

நாற்பத்திரண்டு வயதில் றஸீனா மறுபடியும் பள்ளிக்கூட வாங்கில் போய் உட்கார்ந்தாள். ஏறாவூரில் அபாயாவும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறவள் அவள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கணவர் மஜீட் கத்தாரில் லொறி ஓட்டுகிறார். இருவருக்கும் ஒரே பிள்ளை, இன்ஷிரா. அந்தப் பிள்ளைக்காகத்தான் அவள் வாங்கில் உட்கார வேண்டி வந்தது.

இன்ஷிராவுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினாள், காது தப்பவில்லை. இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வாள். பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சையைப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தே தாண்டிவிட்டாள். அடுத்த இரண்டு வருச உயர்தரத்தில் உயிரியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. உயிரியல் டீச்சர் தக்‌ஷாயினி கல்லடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நன்றாகப் படிப்பிப்பார், ஆனால் கரும்பலகையில் படம் கீறிக்கொண்டே பேசுவார். முதுகில் உதடு ஏது? இரண்டு கிழமையாக இன்ஷிரா அரைவாசி வெறுமையான கொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். கூட்டாளிப் பிள்ளைகளின் கொப்பியை வாங்கிப் பார்த்தால், அவர்களும் தங்களுக்கு விளங்கியதை மட்டுமே எழுதியிருந்தார்கள்.

றஸீனா பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைக் கண்டாள். தக்‌ஷாயினி ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

"நான் திரும்பி நிண்டு ஆறுதலாப் பேசத்தான் நினைக்கிறன் அக்கா. பாடம் சூடு பிடிச்சா மறந்து போறன்."

அப்போதுதான் றஸீனா அந்த வேண்டுகோளை வைத்தாள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் சொல்வதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதட்டுமா என்றாள். பள்ளி அதிபர் ஒரு கிழமை யோசித்தார். உயிரியல் பாடவேளைக்கு மட்டும், முன்வரிசை மூலையில் என்று அனுமதி கிடைத்தது. கத்தாரிலிருந்து மஜீட் தொலைபேசியில் ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் சுற்றிவளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்.

"உனக்கு விளங்குமா அதெல்லாம்?"

"விளங்கத் தேவல்ல. காதால கேட்டுக் கையால எழுதுற வேலதானே."

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

முதல் நாள் பாடம் கலக்கொள்கை. கலம் என்ற சொல்லைக் கேட்டதும் றஸீனாவின் மனதில் சமையலறைப் பாத்திரங்கள்தான் வந்தன. 'எல்லா உயிரினங்களும் கலங்களால் ஆனவை' என்று டீச்சர் சொல்ல, பாத்திரங்களால் ஆனவை என்று நினைத்துக்கொண்டே எழுதினாள். முந்நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் ஹூக் என்றொரு இங்கிலாந்துக்காரர் தக்கைத் துண்டொன்றை மெல்லியதாகச் சீவி, கண்ணாடி வில்லைக்குள்ளால் பார்த்து, அதில் தேன்கூட்டு அறை போல வரிசை வரிசையாகக் கண்டதைச் சொன்னபோதுதான் பாத்திரம் கலைந்து அறையானது. அந்த அறைகள்தான் மரத்திலும் மாட்டிலும் மனிதரிலும் இருக்கின்றன என்று கண்டுகொள்ள மேலும் நூற்றெழுபது வருசம் பிடித்ததாம். பேனா ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக டீச்சர் சொன்னார்: கலங்கள் ஏற்கெனவே இருக்கும் கலங்களிலிருந்தே தோன்றுகின்றன.

அதையும் எழுதினாள். கை அடுத்த வரிக்குப் போய்விட்டது, மனம் போகவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்தவள் ஒரு கைப்பட்டியைக்கூட முடிக்கவில்லை. கலத்திலிருந்து கலம் என்றால், தன் உம்மாவின் உடம்பிலிருந்த ஏதோவொரு கலத்திலிருந்து தான். அவரோ அவருடைய உம்மாவின் கலத்திலிருந்து. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால் எங்கே போய் நிற்கும்? எங்கேயும் ஒரு இடத்தில் அறுந்திருந்தால் இந்தக் கதிரையில் இப்போது ஆள் இல்லை. தையல்காரிக்கு நூல் தெரியும். நூல் அறுந்தால் முடிச்சுப்போட்டுத் தொடரலாம். இதில் முடிச்சே இல்லை. அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் வகுப்பில் கையை உயர்த்தினாள். இருபத்திரண்டு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். எழுத வந்த மாமி கேள்வி கேட்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப டீச்சர், இந்தப் பிள்ளைட உடம்பில இருக்கிறதெல்லாம் என்ட கலத்தில இருந்து வந்ததா?"

"ஓம் அக்கா. உங்கட கலம் ஒண்டு, வாப்பாட கலம் ஒண்டு. ரெண்டும் சேர்ந்து ஒண்டாச்சு. அது ரெண்டாகி, ரெண்டு நாலாகி, நாலு எட்டாகி, இப்ப உங்களுக்குப் பக்கத்தில உக்காந்திருக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று இன்ஷிரா உம்மாவின் முழங்கையைச் சுரண்டினாள். முதல் நாள் உம்மா வந்த வெட்கத்தில் வாங்கின் மறுநுனியில் இருந்த பிள்ளை அவள். றஸீனா தான் கேட்டதையும் டீச்சர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் எழுதி நீட்டினாள். இன்ஷிரா வாசித்தாள். சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையை விரித்துவைத்து, பாடம் முடியும்வரை இடைக்கிடை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொப்பி நாளுக்கு நாள் தடித்தது. காதில் விழுந்தபடி றஸீனா எழுதிய சொற்களை இன்ஷிரா இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். கலத்துக்குச் சக்தி தரும் 'இழைமணி' என்பதை உம்மா 'இலைமணி' என்று எழுதியிருப்பாள். 'குழியவுரு' பல உருவங்களில் வந்துபோகும். திருத்தத் திருத்த இருவருக்கும் பாடம் ஏறியது. கையால் எழுதுகிற வேலை மட்டும்தான் என்று சொன்னவள், அரிசி களையும்போது கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வைப் பற்றி யோசித்தாள்.

செய்முறை நாள் வந்தது. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிகள் இரண்டே இரண்டு. பிள்ளைகள் தத்தமது கன்னத்தின் உட்பக்கத்தைச் சுத்தமான குச்சியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் ஒரு துளி விட்டுக் கொண்டுபோய் வைத்தார்கள். எல்லோரும் பார்த்து முடிந்தபின் நீங்களும் பாருங்கள் அக்கா என்று டீச்சர் கூப்பிட்டார். கருவியில் இருந்தது இன்ஷிராவின் கண்ணாடித் துண்டு.

றஸீனா குனிந்தாள். கறுப்பு. அந்தக் கறுப்பில் புல்லுப்போல ஏதோ அசைந்தது. அதுதானா கலம் என்று கேட்டாள். அது உங்கள் கண் மயிர் என்று டீச்சர் சொல்லி, மற்றக் கண்ணைப் பொத்த வேண்டாம், இரண்டையும் திறந்தே வைத்திருங்கள் என்றார். திருகை அவரே மெல்ல உருட்டினார்.

இருட்டு விலகி வெளிச்சம் வட்டமாகத் திறந்தது. வட்டத்துக்குள் மங்கல் நீலத்தில், ஓரம் ஒழுங்கில்லாத தட்டையான துண்டுகள் மிதந்தன. சில தனியாக, சில ஒன்றின்மேல் ஒன்று மடிந்து. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும் பொட்டு. வெட்டிப்போட்ட துணி மாதிரி என்று அவளுக்கு முதலில் பட்டது. பிறகு அந்தப் பொட்டைப் பார்த்தாள். கரு. அதற்குள்தான் எல்லாம் எழுதியிருக்கிறது என்று அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். இந்தப் பிள்ளையின் கண் நிறம், மஜீட்டிடமிருந்து வந்த அந்த நீண்ட விரல்கள், எல்லாம் அந்தப் பொட்டுக்குள்.

கண்ணை எடுக்காமலே வலது கையை நீட்டினாள். இன்ஷிரா அந்தக் கையைப் பிடித்தாள். கருவிக்குள்ளும் மகள், கைக்குள்ளும் மகள். "சுபுஹானல்லாஹ்" என்று றஸீனா சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

அடுத்த மாதம் பற்றீரியா. தக்‌ஷாயினி டீச்சர் கதை சொல்லித்தான் தொடங்கினார். நம்முடைய மட்டக்களப்புக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்தில், அவர்களுடைய ஊரில் லேவன்ஹுக் என்றொரு துணி வியாபாரி இருந்தாராம். நூலின் தரம் பார்க்க வில்லை பிடித்துப் பழகியவர், தானே வில்லை தீட்டி, குளத்து நீரைப் பார்த்தார், தன் பல்லில் படிந்த ஊத்தையைப் பார்த்தார். அதற்குள் உயிர்கள் ஓடித்திரிந்தன. அதுவரைக்கும் மனிதர் யாரும் கண்டிராதவை. துணி வியாபாரி என்றதும் றஸீனாவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. பெயருக்குக் கீழே கோடிட்டாள்.

பற்றீரியா முழுவதுமே ஒரு கலம்தான் என்றார் டீச்சர். கருவென்று தனியாகச் சுற்றிக் கட்டிய ஒன்று இல்லை. ஆயிரம் வரிசையாக நின்றால் ஒரு மில்லிமீற்றர் வந்தால் உண்டு. நல்ல சூடும் சாப்பாடும் கிடைத்தால் சில வகை இருபது நிமிசத்தில் ஒன்று இரண்டாகும். காலையில் ஒன்று இருந்தால் பின்னேரம் கோடிக்கணக்கு. நம் குடலில் இருப்பவை மட்டும் நம்முடைய சொந்தக் கலங்களின் தொகைக்குக் கிட்ட வரும். பெரும்பாலானவை நமக்கு உதவி, ஒரு சில மட்டும் நோய் தருபவை. நோய்களைப் பட்டியலாகச் சொன்னார். நெருப்புக்காய்ச்சல். காசநோய். ஏற்புவலி. மூளைக்காய்ச்சல்.

"இது மூளையைச் சுத்தியிருக்கிற மென்சவ்வில வாறது. காதுக்குள்ள கேக்கிறதுக்கெண்டு மெல்லிசான மயிர்க்கலங்கள் இருக்கு. அது வரைக்கும் பரவினா அந்தக் கலங்கள் செத்திரும். செத்தா மனுசருக்குத் திரும்ப முளைக்கிறல்ல. தொற்றுறது ஆளுக்கு ஆள், இருமல், மூச்சுக்காத்தால."

றஸீனாவின் பேனா நின்றது.

இன்ஷிராவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முதல் நாள், காத்தான்குடியில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு ஓட்டோவில் திரும்பும்போது பெருமழை. பிள்ளை நனைந்துவிட்டாள். காய்ச்சல் தொடங்கியபோது மழைக்காய்ச்சல்தானே என்று றஸீனா பனடோல் பாணி மருந்து கொடுத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கழுத்து விறைத்துக் கண் சொருகியது. ஆசுப்பத்திரியில் டொக்டர்மார் என்னவெல்லாமோ சொன்னார்கள்; அந்த அந்தரத்திலும் பதற்றத்திலும் எதுவும் மனதில் ஏறவில்லை. ஊர் சொன்னது ஏறியது. பிள்ளையை மழையில் நனைத்ததால்தான் காது போனது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மஜீட் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பதின்மூன்று வருசமாக மழை பெய்யும் ஒவ்வொரு தடவையும் றஸீனா அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டீச்சர் பாடத்தை முடித்துக் கைத் தூசைத் தட்டினார். கொப்பியில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

வீட்டில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்த இன்ஷிரா அந்த இடத்துக்கு வந்து நின்றாள். இங்கே என்ன விடுபட்டிருக்கிறது என்று கேட்டாள். றஸீனா பிள்ளைக்கு முன்னால் வந்து, தன் உதடு தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்து, டீச்சர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மயிர்க்கலங்கள் செத்தால் முளைப்பதில்லை என்பதையும் விடவில்லை.

 இன்ஷிரா தன்னுடைய அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில் கேட்டாள்.

"அப்ப மழையால இல்லயா?"

பிள்ளைக்கும் அந்தக் கதை தெரியும் என்பது அப்போதுதான் றஸீனாவுக்குத் தெரிந்தது. யார் உதட்டிலிருந்து, எப்போது படித்தாளோ.

"மழையால இல்லயாம் மகள்."

"அப்ப ஏன் உம்மா எழுதாம விட்டீங்க?"

இன்ஷிரா பேனாவை அவள் கையில் வைத்தாள்.

"எழுதுங்க. சோதினைக்கு வரும்."

றஸீனா எழுதினாள். எழுத்துப் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

ஆனாலும் இரண்டு நாள் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. மழையில்லை என்றால் சரி. இருபது நிமிசத்தில் ஒன்று இரண்டாகுமென்றால் இரண்டு நாளில் எத்தனை? கணக்குப் போட்டுப் பார்த்தாள், தாள் போதவில்லை. மறுநாள் இடைவேளையில் டீச்சரைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். தக்‌ஷாயினி ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற ஆள் இல்லை. உடம்புக்குள் அப்படிக் கணக்குப்போல் பெருகாது, உடம்பு எதிர்த்து நிற்கும் என்று முதலில் விளங்கப்படுத்தினார்.

"கெதியா மருந்து குடுத்தா நல்லதுதான் அக்கா, அத இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா முதல் நாளே கொண்டுபோயும் காது போன பிள்ளைகள் இருக்கு. ரெண்டு நாளால போச்சோ, போகத்தான் இருந்துதோ, ஆராலயும் சொல்லேலாது. முதல் நாள் டொக்டருக்கே சிலவேளை தெரியிறல்ல, அது வெறுங்காய்ச்சல் மாதிரித்தான் வரும்."

பிறகு பெரிய புத்தகமொன்றை எடுத்துவந்து ஒரு படத்தைக் காட்டினார். அந்த நோய்க்குரிய பற்றீரியா வகைகளில் ஒன்று. உம்மாவைத் தேடி வந்த இன்ஷிராவும் எட்டிப் பார்த்தாள். இத்தனை வருசமும் றஸீனா அந்த நோய்க்குப் பல்லும் நகமும் வைத்துத்தான் கற்பனை செய்திருந்தாள். படத்தில் இருந்தவை கோப்பிக்கொட்டை மாதிரி, தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, சோடி சோடியாக இருந்தன. அழகாகத்தான் இருந்தன. அவற்றுக்கு இன்ஷிராவைத் தெரியாது. அவற்றுக்குக் கோபமும் இல்லை. ஒன்று இரண்டாகப் பிரிவது மட்டுமே தெரிந்த ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன உருவத்தோடு வந்து, ஒரு பிள்ளையின் உலகத்திலிருந்து பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தையும் உம்மாவின் குரலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதைக் கண்டு பயப்படுவதா வியப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. படத்தை மூடவும் மனம் வரவில்லை. இன்ஷிரா அதைத் தன் கொப்பியில் பென்சிலால் கீறி எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் தயிரில் இருக்கும் பற்றீரியாவையும் பார்த்தார்கள். கடையில் வாங்கிய எருமைத் தயிர்ச் சட்டியிலிருந்து ஊசிமுனையளவு எடுத்துச் சாயமிட்டு, எண்ணெய்த் துளி விட்டு, மிகப் பெரிதாக்கும் வில்லையைத் திருப்பி வைத்தார் டீச்சர். நீலத்தில் குச்சி குச்சியாக, சங்கிலி சங்கிலியாக, எண்ணித் தீராத கூட்டம். பாலைத் தயிராக்குவது இவைதான் என்றார். றஸீனா முறை முடிந்தும் நகராமல் நின்றாள். பின்னால் நின்ற பிள்ளைகள் மாமியை அவசரப்படுத்தவில்லை. அன்று மத்தியானம் சோற்றில் தயிரை ஊற்றும்போது கை ஒரு கணம் தயங்கியது, பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டாள். பதின்மூன்று வருசத்துக்கு முன் மகளின் காதைக் கெடுத்ததும் பற்றீரியா என்ற இந்தப் பேர்தான், இன்று வயிற்றுக்கு இதமாக இறங்குவதும் இந்தப் பேர்தான்.

இரண்டு வருசத்தில் அவள் எழுதி முடித்தது ஒன்பது கொப்பிகள். பரீட்சை நெருங்கியபோது வகுப்புப் பிள்ளைகள் அவற்றை வாங்கிப்போய்ப் பிரதி எடுத்தார்கள். டீச்சர் பாடத்துக்கு நடுவில் சொன்ன பகிடிகளும், மழை வந்து கூரைத் தகரம் இரைந்ததால் கேட்காமல்போன இடங்களும்கூட அதில் இருந்தன. இன்ஷிராவுக்கு உயிரியலில் பி வந்தது. மற்ற இரண்டு பாடங்களிலும் கடைசித் தேர்ச்சியான எஸ். பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை. ஒரு நாள் முழுக்க அழுதாள். பிறகு மட்டக்களப்பு நகரத்தில் ஆய்வுகூடத் தொழினுட்பப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள், கிடைத்தது. அங்கே காது அவ்வளவு தேவைப்படவில்லை, கண்தான் தேவைப்பட்டது. றஸீனாவையும் பரீட்சை எழுதச் சொல்லிச் சிலர் தூண்டிப் பார்த்தார்கள். தனக்குப் பரீட்சை வேண்டாம் என்றுவிட்டாள்.

வேறொன்று வேண்டியிருந்தது. மஜீட் விடுமுறையில் வந்திருந்த நேரம் அது. ஒரு சனிக்கிழமை, தக்‌ஷாயினி டீச்சர் மேலதிக வகுப்பு நடத்துகிற நாளென்று விசாரித்துவைத்துக்கொண்டு, மஜீட்டின் மோட்டார்சைக்கிளில் அவர் பின்னால் உட்கார்ந்து வாவிக்கரைக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால்வரை இறங்கி, கண்டல் மர வேர்களுக்கு இடையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் மொண்டாள். இந்தத் தண்ணியை எதுக்கு என்று மஜீட் கேட்டார். வந்து பாருங்கள் என்றாள்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் டீச்சர் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் கருவியைத் திருத்தி வைத்தார். றஸீனா முதலில் பார்த்தாள். கண்ணாடியால் செய்த தோணிகள் போலப் பாசிகள் ஆடாமல் அலுங்காமல் போய்க்கொண்டிருந்தன. செருப்பின் அடி வடிவத்தில் ஒன்று சுழன்று சுழன்று குறுக்கே பாய்ந்தது. அதன் உடம்பைச் சுற்றி மயிர்கள் துடித்தன. வேர்த் துணுக்கொன்றோடு ஒட்டிக்கொண்ட ஒன்று மணிபோல விரிந்து, எதற்கோ பயந்து சுருண்டு, மறுபடி விரிந்தது. ஓரத்தில் நுண்ணிய புள்ளிகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. அவைதான் பற்றீரியா என்று டீச்சர் சொன்னார். பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே கிடந்த தண்ணீர். குளித்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர்.

"நீங்களும் பாருங்க" என்று விலகினாள்.

மஜீட் கூச்சத்தோடு குனிந்தார். கண் மயிர்தான் தெரிகிறது என்று சொல்வார் என அவள் காத்திருந்தாள். ஆனால் அவர் கண் கருவியிலேயே நின்றது. லொறிக் கண்ணாடியில் நீண்ட பாதைகளைப் பார்த்துப் பழகிய கண் அது. உடனே பிடித்துக்கொண்டது போலும். கொஞ்ச நேரம் கழித்து, தலையை எடுக்காமலே, ஒன்று இரண்டாகப் பிரிகிற மாதிரி இருக்கிறது என்றார். டீச்சர் குனிந்து பார்த்து, ஓம், அதுதான் நடக்கிறது, முடிய நேரம் எடுக்கும் என்றார்.

"கன நேரமா?"

"அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும் அண்ணன்."

ஆய்வுகூடத்தைப் பூட்டவேண்டிய காவலாளி வாசலில் சாவியோடு வந்து நின்றார். தக்‌ஷாயினி டீச்சர் தன் பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை மீண்டும் மேசையில் வைத்தார். றஸீனா ஒரு கதிரையை இழுத்து மஜீட்டின் பின்னால் போட்டாள். அவர் கண்ணை எடுக்காமலே கையால் தடவிப் பார்த்து அதில் உட்கார்ந்தார்.